தலைமாட்டுப் படம்

கிடைக்கும், கிடைக்காமல் எங்கே போகும், பெற்ற தாயை ஆறு வருஷமாகப் படம் பிடித்தவளிடம் ஒரு படம் இருக்காதா என்று சேது அண்ணன்மேல் எரிந்து விழுந்து அவனை அனுப்பிவிட்டேன், அவன் போனதும் கதவைச் சாத்தினேன், கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், படம் கிடைக்கவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் ஹாலில் அம்மா ஐஸ் பெட்டிக்குள் படுத்திருக்கிறாள். விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டாள், நல்ல சாவு என்று வருகிறவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். வில்லிவாக்கத்தில் இந்த இரண்டாவது மாடி வீட்டுக்கு இவ்வளவு பேர் வருவார்கள் என்று நான் நினைக்கவில்லை, மாடிப்படி முழுக்கச் செருப்பு. ஆளுக்கொரு வேலை. அண்ணன் டாக்டர் சர்டிபிகேட்டுக்கும் மயானத்துக்கும் அலைகிறான், அண்ணி வருகிறவர்களைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு அடுத்த நிமிஷம் அவர்களுக்கு நாற்காலி இழுத்துப் போடுகிறாள், எனக்கு ஒரே ஒரு வேலை. தலைமாட்டில் வைக்க ஒரு படம். அதே படம்தான் தெருமுனை ஃப்ளெக்ஸுக்கும், கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கும், பதினாறாம் நாள் பத்திரிகைக்கும். அப்புறம் அப்பா படத்துக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டினால் அம்மா என்றால் அந்த முகம்தான், இந்த வீடு உள்ளவரைக்கும். "உனக்கென்ன கொடி, கண்ண மூடிட்டு ஒண்ண எடுத்துக் குடுத்துடுவ" என்றான் அண்ணன். எனக்கும் அப்போது அப்படித்தான் தோன்றியது.

அம்மா என்று பெயர் போட்ட ஃபோல்டரைத் திறந்தால் ஆயிரக்கணக்கில் கொட்டுகிறது. முதுகு. குளித்துவிட்டு ஈரத்தோடு நிற்கிற முதுகு, ரவிக்கைக் கொக்கி போடாத முதுகு. பித்தவெடிப்புப் பாதம். தலைமுடி உதிர்ந்து நடு மண்டை தெரிகிற வகிடு. தொண்டைக்குழி. கழற்றி வைத்த பல்செட்டும் அதற்குப் பின்னால் கலங்கலாக அவள் வாயும். தூங்குகிற அம்மா, தூங்குகிற அம்மா, வாயைத் திறந்துகொண்டு தூங்குகிற அம்மா. பாத்ரூம் கதவிடுக்கில் அம்மா. முகம் வருகிறது, வராமல் இல்லை, ஆனால் பாதி முகம், நிழல் விழுந்த முகம், அழுதுகொண்டிருக்கிற முகம், மாத்திரை தொண்டையில் சிக்கின முகம். இதில் எதை எடுத்து மாலை போடுவது. ஒன்றைப் பெரிதாக்கிப் பார்க்கிறேன், நல்ல படம், நான் எடுத்ததில் ஆக நல்ல படங்களில் ஒன்று, ஜன்னல் வெளிச்சம் ஒரு கன்னத்தில் மட்டும் விழுந்து சுருக்கமெல்லாம் வெட்டுக்காயம் மாதிரி தெரிகிறது, இதைத் தெருமுனையில் வைத்தால் குழந்தைகள் அழும். எங்கே போனது அவளுடைய சாதாரண முகம். யாராவது வீட்டுக்கு வந்தால் வாங்க வாங்க என்று ஒரு முகம் வைத்துக்கொள்வாளே, அது. கேமராவைத் தூக்கினாலே, "இருடி, தலைய வாரிக்கறேன்" என்பாள். "பொடவையாவது மாத்திக்கறேன், கொஞ்சம் இரு." "கண்ணாடியக் கழட்டவா?" "வேணாம்மா, அப்படியே இரு." "மூஞ்சி வேர்த்து வழியுது, துடைச்சுக்கவாவது விடு." "அப்படியே இரும்மா, அதான் எனக்கு வேணும்." எத்தனை அப்படியே இரு. தயாரான முகம் பொய் சொல்லும் என்பது என் கொள்கை. நான் நடத்துகிற புகைப்படப் பட்டறைக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதும் அதுதான், ஆள் தயாராவதற்கு முன்னால் எடு. அதில்தான் எனக்குப் பேர் வந்தது. தயாராகவே விடாமல் அவளை எடுத்து எடுத்து, கடைசியில் தயாராக இருக்கிற அம்மா ஒருத்திகூட என்னிடம் இல்லை.

அண்ணன் மறுபடி கதவைத் தட்டுகிறான், ஃப்ளெக்ஸ் கடைக்காரன் போனில் நிற்கிறானாம், ஆதார் கார்டில் இருக்கிறதை ஸ்கேன் பண்ணிக் கொடுத்துவிடட்டுமா என்கிறான். ஆதாரில் அம்மா பிக்பாக்கெட்டில் மாட்டினவள் மாதிரி இருப்பாள், அதைப் போட்டால் அவளே எழுந்து வந்து திட்டுவாள். அவன் கல்யாண ஆல்பத்தில் ஒன்று நன்றாக இருக்கிறது, ஆனால் அதில் அம்மாவுக்கு நாற்பத்தைந்து வயசு, யாருக்கு அஞ்சலி என்று தெருவில் குழம்புவார்கள். "உன் போன்ல ஒண்ணும் இல்லையா" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். வேட்டியெல்லாம் சேறு, எங்கே போய் வந்தானோ. "நீ இருக்கேன்னுதான கொடி நாங்க யாரும் எடுக்கல" என்றான். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை கத்தியிருப்பேன், எனக்குக் கத்துவது கைவந்த கலை. உண்மையைத்தான் சொன்னான். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் எல்லாரும் சேர்ந்து நிற்கும்போது அவன் போனை எடுப்பான், நான் சிரிப்பேன், எடுத்ததை வாங்கிப் பார்த்துவிட்டு, என்னடா இது, தலைக்கு மேல ஃபேன் முளைச்சிருக்கு என்பேன். அப்புறம் அவன் எடுப்பதையே விட்டுவிட்டான். டாக்டர் இருக்கிற வீட்டில் யாரும் கை வைத்தியம் பார்க்க மாட்டார்களே, அந்த மாதிரி. போய்விட்டான் இப்போது. அரை மணி நேரம் கொடுத்திருக்கிறான்.

போன் மினுங்குகிறது. ரோஷ்னி, கேலரிக்காரி, என் படங்களையெல்லாம் முதலில் சுவரில் மாட்டினவள். செய்தி கேட்டு நொறுங்கிப்போய்விட்டாளாம். உன் அம்மாவை எங்க எல்லாருக்கும் தெரியும், எவ்வளவு அதிர்ஷ்டக்காரி நீ, எவ்வளவு படம் இருக்கு உன்கிட்ட, முதுகுப் படத்தைப் போட்டு ஒரு அஞ்சலி எழுதட்டுமா என்று கேட்டிருக்கிறாள். முதுகுப் படம். அதுதான் ஊர் ஊராகப் போன படம். போன இடத்திலெல்லாம் கையில் கண்ணாடிக் கோப்பையோடு அதன் முன்னால் மௌனமாக நின்றார்கள். கொச்சியில் ஒரு பையன் எழுந்து, உங்க அம்மா இதற்குச் சம்மதித்தார்களா என்று கேட்டான். அவர்தான் இதில் பாதிக் கலைஞர் என்றேன் நான், கை தட்டினார்கள். சம்மதமாவது. குளித்துவிட்டு வந்தவளை நிற்க வைத்து எடுத்துவிட்டு அப்புறம்தான் சொன்னேன். "இதெல்லாம் யாருடி பாப்பாங்க?" என்று கேட்டாள். வெளியூர்க்காரங்க, வெளிநாட்டுக்காரங்க என்றேன். "அப்ப சரி. நம்ம சனம் பாக்காதுல்ல." பாக்காதும்மா. நம்ம சனம் இப்போது ஹாலில் உட்கார்ந்திருக்கிறது. சித்தி இருக்கிறாள், அவள் பேத்தி கையில் போனோடு இருக்கிறாள், கூகுளில் என் பேரைத் தட்டினால் முதலில் வந்து நிற்பது அம்மாவின் வெற்று முதுகுதான், போனையும் அந்தப் பெட்டியையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். ரோஷ்னிக்கு வேண்டாம் என்று தட்ட ஆரம்பித்தேன், தட்டும்போதே ஒரு நினைப்பு வந்தது பாருங்கள், ஜனவரியில் எனக்கு ஷோ இருக்கிறது, இப்போது ஒரு அஞ்சலி வந்தால் நல்லதுதானே என்று. பெட்டிக்குள் கிடக்கிறாள், இன்னும் குளிப்பாட்டக்கூட இல்லை, எனக்குள் ஒருத்தி ஜனவரிக்குக் கணக்குப் போடுகிறாள். சீ. அவளைச் செருப்பால் அடிக்க வேண்டும். எங்கேயும் போடாதே, இருக்கிறதையும் எடுத்துவிடு என்று அனுப்பினேன். அனுப்பிவிட்டு நல்ல காரியம் செய்தவள் மாதிரி ஒரு நிமிஷம் நிமிர்ந்து உட்கார்ந்தேன், அதற்கும் சேர்த்துத்தான் அடிக்க வேண்டும்.

காலையிலும் அப்படித்தான். நேற்று ராத்திரி இங்கேதான் தங்கினேன், அண்ணி எழுப்பினாள், ஓடி வந்தேன், அம்மா பக்கவாட்டில் படுத்திருந்தாள், வாய் லேசாகத் திறந்திருந்தது. தாடையைக் கட்ட அண்ணி துணி கிழித்துக்கொண்டிருந்தாள். ஜன்னலில் அப்போதுதான் வெளுக்கிறது, நீலமும் இல்லாமல் வெள்ளையும் இல்லாமல் ஒரு வெளிச்சம் காது மடலில் வந்து நின்றிருந்தது, என் கை தன்பாட்டுக்குத் தோளுக்குப் போனது, கேமரா வார் இருக்கிற இடத்துக்கு. வார் இல்லை, நைட்டிதான் இருந்தது. எடுக்கவில்லை. கேமரா பக்கத்து அறையில் இருந்ததால் எடுக்கவில்லை, அவ்வளவுதான், தோளில் கிடந்திருந்தால் எடுத்திருப்பேன், அழுதுகொண்டே எடுத்திருப்பேன், எனக்கு என்னைத் தெரியாதா. அண்ணி நிமிர்ந்து என் கையைப் பார்த்தாள். இந்தா இந்த முனையப் பிடி என்று துணியை நீட்டினாள், பிடித்தேன். அம்மா தாடை இன்னும் சூடாக இருந்தது. ஆறு வருஷத்தில் அவள் முகத்தை லென்ஸ் இல்லாமல் அவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன். இல்லை, பொய், இன்னொரு முறை பார்த்தேன், பவுடர் துடைத்தபோது.

பவுடர். அந்த நாள். அதைத் தேடு. போன மழைக்காலம், நாளைக்கு வரேம்மா, காலைல வெளிச்சம் நல்லா இருக்கும்போது எடுக்கலாம் என்று முந்தின நாளே போனில் சொன்ன தப்பைச் செய்தேன். வந்து பார்த்தால் அம்மா அரக்குப் பட்டுப் புடவையில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். கம்மல் மாற்றியிருக்கிறாள், தலை படிய வாரியிருக்கிறாள், கழுத்துவரைக்கும் பவுடர். எவ்வளவு நேரமாக அப்படி உட்கார்ந்திருந்தாளோ, புடவை கசங்கக் கூடாது என்று சாயாமல் இருந்தாள். "ரெடிடி" என்றாள். எனக்கு எரிச்சல், சிரிப்பும் வந்தது. சரி, முதலில் வெளிச்சத்தைச் சோதிப்போம் என்று ஒரு படம் எடுத்தேன். எடுத்தேன், நிச்சயமாக எடுத்தேன். அந்தத் தேதிக்குள் போகிறேன், இதோ. அம்மா. பட்டுப் புடவை, மடிப்புக் கலையாத முந்தானை, நேராக நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் விதம், சாந்தமான வெளிச்சம், ஃப்ளெக்ஸுக்கு அளவெடுத்த மாதிரி. முகத்துக்கு நேரே அட்டை. நிறம் சரியாக வருகிறதா என்று பார்க்க நாங்கள் முகத்துக்கு முன்னால் பிடிக்கச் சொல்கிற சாம்பல் அட்டை. அவளுக்குப் பழகிப்போயிருந்தது, நான் சொல்வதற்குள் அவளே எடுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வாள், தலைமயிரிலிருந்து தாடைவரைக்கும் மூடி. அடுத்த படத்துக்குத் தாவுகிறேன், அடுத்ததில் நைட்டி. அந்தப் பழைய, கழுத்துக் கிழிந்த நைட்டி. "இதைக் கழட்டிட்டு அதைப் போட்டுக்கயேன்மா" என்று சொன்னேன். அம்மா என்ன சொன்னாள் என்று நினைவில் இல்லை, ஒன்றும் சொல்லாமல்தான் எழுந்து போயிருப்பாள். திரும்பி வந்ததும் முகத்தில் மிச்சமிருந்த பவுடரை ஈரத் துண்டால் நானே துடைத்தேன், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு காட்டினாள். அந்தப் படத்தைத்தான் ஷோ புத்தகத்துக்கு அட்டையில் போட்டார்கள், எந்த ஒப்பனையும் இல்லாத தாய் என்று ஒருத்தர் ஒரு பக்கம் எழுதினார். அந்தச் சாம்பல் அட்டைக்குப் பின்னால் அப்போது எப்படி இருந்தாள், சிரித்தாளா, நான் பார்க்கவே இல்லை, நான் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் ஒன்று இருக்குமோ என்று முன்னும் பின்னும் போகிறேன். சோதனைக்கு ஒன்றுதான் எடுப்பேன். அந்த விஷயத்தில் நான் சிக்கனம்.

கதவு திறக்கிறது, அண்ணி. உள்ளே வந்து கதவைச் சாத்திவிட்டு அதன்மேலேயே சாய்ந்து நிற்கிறாள், கண்ணெல்லாம் வீங்கியிருக்கிறது. லேப்டாப்பை மூடப் போனேன், அதற்குள் பார்த்துவிட்டாள், அட்டையும் புடவையுமாக அம்மா. "கெடைக்கலல்ல?" என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். பீரோவைத் திறந்தாள். அவளுடைய புடவைகளுக்கு அடியிலிருந்து பழைய துண்டில் சுற்றின ஒன்றை எடுத்தாள், பிரித்தால் ஃப்ரேம் போட்ட படம். மார்க்கெட் பக்கத்தில் பாஸ்போர்ட் சைஸ் எடுக்கிற ஸ்டூடியோ ஒன்று இருக்கிறதே, அங்கே எடுத்ததாம், போன தை மாசம். "அத்தைதான் என்னைக் கூட்டிட்டுப் போனாங்க. திரும்பி வரப்ப நம்ம மாடிப்படி ஏற முடியல, ரெண்டு எடத்துல உக்காந்து உக்காந்து ஏறினாங்க." எதுக்கு அண்ணி என்கிட்ட சொல்லல என்று கேட்டேன். "சொல்லக் கூடாதுன்னாங்க. அவளுக்குத் தெரிஞ்சா மனசு கஷ்டப்படும்னாங்க." முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள். "நான் போனதும் மொதல்ல அவகிட்ட கேளுங்க, அவ குடுத்தா அதையே வைங்க, அவகிட்ட இல்லன்னா மட்டும் இத எடுன்னாங்க. அதான் கொடி நான் காலைலேருந்து ஒண்ணும் சொல்லல." படத்தை என் மடியில் வைத்தாள். நீலப் பின்னணி. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி விளக்கு, நிழலே இல்லை, சுருக்கத்தையெல்லாம் கம்ப்யூட்டரில் மழித்து இரண்டு பங்கு சிவப்பாக்கியிருக்கிறான், கிண்டலடிக்க என்னென்ன உண்டோ அத்தனையும் இருக்கிறது. நடுவில் அம்மா இருக்கிறாள். பவுடர் போட்டுக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தாடையைக் கொஞ்சம் தூக்கி, வாங்க வாங்க என்று சொல்லப் போகிறவள் மாதிரி. யாரென்றே தெரியாத ஒரு ஸ்டூடியோக்காரனை இப்படிப் பார்த்திருக்கிறாள். தலை வாரிக்கறேன் என்றிருப்பாள், அவன் வாரிக்கோங்கம்மா என்று சீப்பு கொடுத்திருப்பான். அவன்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது, என்னால் மறைக்க முடியவில்லை, படத்தின்மேலேயே அழுதுவிட்டேன். அவளுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது, என்னிடம் இருக்காது என்று. தெரிந்தும் எனக்கு முதலில் ஒரு வாய்ப்பு கொடுக்கச் சொல்லியிருக்கிறாள்.

அண்ணி முகம் கழுவிவிட்டு வா என்றாள், கழுவிக்கொண்டு ஹாலுக்கு வந்தேன். அண்ணன் படத்தைப் பார்த்தான், எங்கே கிடைத்தது என்று கேட்கவில்லை, போனில் ஒரு படம் எடுத்துக் கடைக்கு அனுப்பினான், தலைமாட்டில் ஸ்டூல் போட்டு வைத்தான், ரோஜா மாலையை எடுத்து அவனே போட்டான். உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் பெட்டியை விட்டுவிட்டுப் படத்தைப் பார்த்தார்கள், பார்த்ததும் அழுகை கூடியது, அதுவரை அழாத எதிர்வீட்டு அம்மாகூட அழுதார்கள். சித்தி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து படத்தின் கன்னத்தைத் தடவினாள். "எங்கக்கா. எவ்ளோ லட்சணமா உக்காந்திருக்கா பாரு." என் பக்கம் திரும்பினாள். "நீ எடுத்ததாடி?" நான் வாயைத் திறந்தேன். இல்லை சித்தி என்று சொல்லத்தான் திறந்தேன், சத்தியமாக அதற்குத்தான். அதற்குள் விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டிருந்த அண்ணி, தலையைத் தூக்காமலே, "ஆமா சித்தி, அவதான் எடுத்தா" என்றாள். சித்தி என் தாடையைப் பிடித்து விரலைத் தன் உதட்டில் வைத்துக்கொண்டாள். "ஊரெல்லாம் போயி யார் யாரையோ படம் எடுக்கறான்னு அக்கா சொல்லிக்கிட்டே இருப்பா. பெத்தவளை எப்படி எடுத்திருக்கா பாரு. அவளுக்கு இது போதும்டி." வாசலில் புதிதாக நாலைந்து பேர் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்தார்கள், சித்தி அவர்களிடம், மக எடுத்த படம் என்று சொல்லிக் காட்டினாள். அவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துத் தலையசைத்தார்கள். அப்போதுதான் கவனித்தேன், படத்தின் வலது பக்கக் கீழ் மூலையில் சிவப்பு எழுத்தில் ஸ்டூடியோ பேரும் போன் நம்பரும் அச்சடித்திருந்தது. குனிந்து, மாலையைச் சரி செய்கிறவள் மாதிரி, ஒரு சரத்தை அதன்மேல் இழுத்துவிட்டேன்.